எம்.சி. ஸ்டானும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



வடக்கனந்தலில் வாழும் நம் பிள்ளைகளின் கைபேசிகளிலும் இன்று 'ட்ராப்' எனப்படும் ராப் இசை ஒலிக்கிறது. அதன் பெயர் தோன்றிய விதத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் போதைப்பொருள் விற்கப்படும் வீட்டுக்கு வழங்கிய வட்டாரச் சொல்லே 'ட்ராப்'. பொறி என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்.

இந்தியாவில் இவ்விசையால் பெரும்புகழ் பெற்றவர்களுள் ஒருவர் எம்.சி. ஸ்டான். அவரது இயற்பெயர் அல்தாஃப். 1999-இல் பிறந்த அவர், புனே நகரின் ஏழ்மையான குடியிருப்புப் பகுதியில் வளர்ந்த முஸ்லிம் இளைஞர். சிறுவயதில் கவ்வாலி பாடியவர். 2018-இல் 'வாட்டா' என்ற பாடலால் கவனம் பெற்றார். 2020-இல் 'தடிபார்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2023 பிப்ரவரியில் இந்தி பிக்பாஸ் நிகழ்ச்சியின் 16-ஆவது பருவத்தில் வென்று, 31.80 லட்சம் ரூபாயும் ஒரு காரும் பரிசாகப் பெற்றார்.

வறுமையில் பிறந்த ஒருவர் தம் உழைப்பாலும் சொல்லாற்றலாலும் உயர்ந்ததை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. அவரிடமிருந்து நம் பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் கவலை.

அவர் பாடும் புனே வட்டார இந்தி நம் பிள்ளைகளுக்கு முழுமையாக விளங்குவதில்லை. விளங்குவது தோற்றம் மட்டுமே. கழுத்தில் தொங்கும் சங்கிலியும், பிக்பாஸ் வீட்டில் பெரும்பேச்சாகிய 80,000 ரூபாய்க் காலணியும் கண்ணில் படுகின்றன. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்ற மார்க்கச் சட்டம் அந்தப் பளபளப்பில் மறந்துபோகிறது. அதே மனிதர் 2019-இல் 'அஸ்தஃக்ஃபிருல்லாஹ்' என்ற பெயரிலேயே ஒரு பாடல் வெளியிட்டு, தம் கடந்த காலத்தைப் பேசினார். தொழுகைக்குப் பின் நாம் நாள்தோறும் மொழியும் சொல் அது. சங்கிலியைக் கண்ட பிள்ளை அச்சொல்லைக் கவனித்தானா?

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம். ஆனால் சொல்லுக்கான அளவுகோலைத் திருக்குர்ஆனே தந்துள்ளது. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனங்கள், தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்வோரை விலக்கி வைக்கின்றன. ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களின் கவிதையை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். தமிழில் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரும் நம்மவரே. ஆகவே சொல்லாற்றல் பழிக்கத்தக்கதன்று. அது எதற்காகச் செலவாகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வி நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கல்வராயன் மலையில் சாராய ஊறல்கள் அழிக்கப்படும் செய்தி நமக்குப் பழகிப்போனது. போதை விதவைகளையும் அநாதைகளையும் விட்டுச்செல்வதைக் கண்ட மாவட்டம் இது. அதையே வீரமாகக் காட்டும் பாடல்கள் எவருடையதாயினும், இங்கு வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

அதற்காகக் கைபேசியைப் பிடுங்கிவிட்டால் போதுமென்று எண்ணாதீர்கள். வீட்டில் நின்ற பாட்டு நண்பனின் கைபேசியில் தொடரும். மகனின் அருகே அமருங்கள். இச்சொல்லின் பொருள் என்ன, இதை உன் உம்மாவின் முன்னால் பாடுவாயா என்று அன்போடு கேளுங்கள். எழுதும் திறன் உள்ள பிள்ளைக்குத் தாளும் பேனாவும் கொடுங்கள். மதரஸா ஆண்டுவிழா மேடையில் தன் சொந்த வரிகளைச் சொல்ல இடம் கொடுங்கள். கேட்பதற்கு நாம் இல்லாவிடில், கைதட்டுவதற்கு வேறு எவரோ வருவார்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களின் நாவுகளை நன்மைக்குத் திறப்பானாக! ஆமீன்.