வாத்தைச் சுட்டால் சிறை. ஏரி வற்றினால் யாருக்குச் சிறை?

வலசைப் பறவைகளுக்குச் சட்டம் தரும் காவலும், தர மறந்த காவலும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும், ஏரிக்கரை ஊர்களுக்கு விருந்தாளிகள் வந்து சேருவார்கள். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் கிளுவையும், ஊசிவால் வாத்தும், உள்ளானுமே அந்த விருந்தாளிகள். பங்குனி வெயில் ஏறினால் வந்த வழியே திரும்பிவிடும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டினால் வருவது தண்டலம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை இன்று வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள். கார் உற்பத்தியாகிறது, மின்னணுச் சாமான் உற்பத்தியாகிறது. ஆனால் இந்த வட்டாரம் ஏரிகளின் வட்டாரமும்கூட. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அது தவிர ஊருக்கு ஊர் சிற்றேரிகள். கீழே தொழிற்பேட்டை வந்துவிட்டது என்பது மேலே பறக்கும் வாத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றே.

இந்த விருந்தாளியைச் சுடலாமா, பிடிக்கலாமா? கூடாது என்பது பலருக்குத் தெரியும். எந்த அளவுக்குக் கூடாது என்பது சிலருக்கே தெரியும்.

துரைமார் வேட்டை

வெள்ளைக்காரர் ஆட்சியில் வாத்து வேட்டை ஒரு கௌரவம். 1938-ம் ஆண்டு நவம்பரில், ராஜஸ்தானத்துப் பரத்பூரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவும் அவருடைய விருந்தினரும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தச் சதுப்பு நிலமே இன்று உலகப் பாரம்பரியச் சின்னமான கேவலாதேவ் தேசியப் பூங்கா.

அப்போது சட்டமே இல்லையா? இருந்தது. நாடு முழுமைக்குமான முதல் பறவைச் சட்டம் 1887-ம் ஆண்டு வந்தது. அதை நீக்கிவிட்டு 1912-ல் வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். குஞ்சு பொரிக்கும் காலத்தில் வேட்டை கூடாது என்பது அதன் சாரம். மீறினால் முதல் முறை 50 ரூபாய் வரை அபராதம். மற்ற மாதங்களில் தாராளமாகச் சுடலாம். வலசை வாத்து இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. ஆகவே அந்தத் தடையால் அதற்குப் பெரிய லாபம் கிடைத்திருக்க முடியாது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் அதிலும் லைசென்ஸ் பெற்றுச் சிறு வேட்டை ஆட இடம் இருந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. பொழுதுபோக்குக்கோ, கறிக்கோ காட்டுப் பறவையைக் கொல்ல இன்று எவருக்கும் லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் இல்லை. சொந்தப் பட்டா நிலத்தில் வந்து இறங்கிய பறவையானாலும் இல்லை.

"வேட்டை" என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. சுடுவது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டை. ஊர்ப் புளியமரத்தில் கொக்கு கட்டிய கூட்டைக் குச்சியால் தட்டிவிட்டாலும் குற்றமே.

தண்டனை? 2022-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள பறவையானாலும், சரணாலயத்துக்குள் நடந்த வேட்டையானாலும் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது 7 ஆண்டு வரை போகலாம். அபராதமும் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. வேட்டையாடப்பட்ட பறவை அரசின் சொத்து. அதை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருப்பவரும் பதில் சொல்லியாக வேண்டும். முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே.

கண்ணி வைப்பவர் யார்?

சட்டம் கடுமையானது. ஆனால் அது முதலில் யார் தலையில் விழுந்தது? துரைமார் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தவர்கள் கொக்கும் மடையானும் பிடித்து வயிறு வளர்த்த ஏழைகள். தலைமுறை தலைமுறையாக வேட்டையே தொழிலாக இருந்த நரிக்குறவர், ஒரே சட்டத்தால் குற்றவாளி ஆனார். ஊசியும் பாசிமணியும் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-ம் ஆண்டில்தான் வந்தது.

தடை விதித்த கையே மாற்று வேலையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் அருகிலேயே உண்டு. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இருளர் பிழைப்பு முடங்கியது. 1978-ல் அவர்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் தருகிறார்கள். அது விஷக்கடி மருந்தாகி உயிர் காக்கிறது. பறவை விஷயத்தில் அத்தகைய யோசனை தமிழ்நாட்டில் பெரிய அளவில் வளரவில்லை. கூடும் குணமும் அறிந்த வேட்டைக்காரரைவிடப் பறவைக்கு நல்ல காவலர் கிடைப்பாரா?

அமெரிக்காவின் வாத்து முத்திரை

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு முழுத் தடை இல்லை. ஆனால் பருவம் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்ற கணக்கும் உண்டு. நீரில் விழுந்து பறவைக்கு விஷமாகும் ஈயக் குண்டை நீர்ப்பறவை வேட்டையில் பயன்படுத்த 1991 முதல் நாடு முழுவதும் தடை. 16 வயது நிரம்பிய வேட்டைக்காரர் ஆண்டுதோறும் "வாத்து முத்திரை" வாங்க வேண்டும். 1934-ல் தொடங்கிய ஏற்பாடு இது. விலை இப்போது 25 டாலர். அதில் ஒரு டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது.

அங்கே பறவையைச் சுடுகிறவன் பறவையின் வீட்டுக்கு வாடகை கட்டுகிறான். இங்கே சுடுவதை நிறுத்திவிட்டோம், நல்லது. வீட்டைக் காக்க யார் கொடுக்கிறார்கள்?

சட்டத்தில் ஓர் ஓட்டை

சதுப்பு நிலங்களைக் காக்க 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் வகுத்தது. அவற்றில் ஒரு விலக்கு இருக்கிறது. பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதன் வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிகளுக்குள் வாரா! தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை முன்னோர் பாசனத்துக்காக வெட்டியவை. தண்டலம் வட்டாரத்து ஏரிகளும் அப்படியே. ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலத்தின் 2007-ம் ஆண்டு ஏரிச் சட்டம் உண்டு. கழிவுநீரைத் தடுக்க 1974-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் ஏரியைப் பறவையின் வீடாகப் பார்க்கும் சட்டம், சரணாலயத்துக்கு வெளியே, இந்த ஏரிகளை எட்டவில்லை.

வாத்துக்குக் காவல் இருக்கிறது. வாத்து இறங்கும் தண்ணீருக்கு அரைக் காவலே இருக்கிறது. வரத்துக் கால்வாய் மண்மூடிப் போனால் ஏரி நிறையாது. ஏரி நிறையாவிட்டால் பறவை இறங்காது. அந்தக் குற்றத்துக்கு ஆள் யார் என்று எந்தப் போலீசாரும் தேட முடியாது.

வேடந்தாங்கல் காட்டிய வழி

இதற்கு வழி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, மதுராந்தகத்துக்கு அருகில் இருக்கிறது வேடந்தாங்கல். ஏரியில் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் அவர் எழுதிக் கொடுத்தார். முதல் பறவைச் சட்டம் வருவதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்பே!

ஊரார் கேட்டது தர்மத்துக்காக மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை இருந்தால் விளைச்சல். ஆகவே பறவைக்குக் காவல். கணக்கு நேரானது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்றன.

தண்டலத்தில் வயல் குறைந்துவிட்டது. எச்சம் கலந்த தண்ணீரைக் கேட்கும் விவசாயியும் குறைந்துவிட்டார். ஆனால் தண்ணீர் தேவைப்படாத தொழிற்சாலை எது? வெள்ளம் வந்தால் தேங்கி நிற்க ஏரி வேண்டாத குடியிருப்பு எது? நிறைந்த ஏரியால் இன்று லாபம் அடைபவர்கள் அன்றைய உழவர்களைவிட அதிகம். அந்தக் கணக்கை அவர்கள் உணர்ந்து, வரத்துக் கால்வாயைத் தூர் வாரவும் கரையைக் காக்கவும் முன்வந்தால், அடுத்த மார்கழிக்கு விருந்தாளிக்கு இடம் இருக்கும்.

வேட்டைக்காரனைப் பிடிக்கச் சட்டம் போதும். ஏரியைப் பிடித்து நிறுத்த ஊர் வேண்டும்.