ஆண்களுக்கும் அந்த வலி உண்டு!

பல் வலித்தால் ஆண் சொல்கிறான். வயிறு வலித்தால் சொல்கிறான். தாம்பத்திய உறவின்போது வலித்தால் மட்டும் சொல்லமாட்டான். மனைவியிடமும் சொல்லாமல் விலகிப் படுத்துக்கொள்வான். "கணவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று அவள் அழுவாள். நோய் சிறிது, சண்டை பெரிது!

இது ஆண்மைக் குறைவு அல்ல. செய்த பாவத்தின் பலனும் அல்ல. காரணம் உள்ள நோய். பெரும்பாலும் குணமாகும் நோய்.

வலி ஏன் வருகிறது?

சிலருக்கு முன்தோல் இறுக்கமாக இருக்கும், பின்னால் போகாது. உறவின்போது வெடித்து எரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தோலின் உள்ளே காளான் கிருமி எளிதில் வளரும். நன்றாக இருந்த தோல் நடு வயதில் இறுகினால், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கவேண்டும்.

வெட்டை போன்ற பால்வினை நோய்கள் வந்தால் சிறுநீர் எரியும், சீழ் வரலாம். சிறுநீர்ப் பைக்கு அடியில் உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கினால், விந்து வெளியேறும்போது வலிக்கும். சிலருக்கு உறுப்பின் உள்ளே தழும்பு விழுந்து, அது வளைந்துவிடும். இதை 1743-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு டாக்டர் பெய்ரோனி விவரித்து எழுதினார்.

என்ன சிகிச்சை?

இறுகிய தோலுக்கு முதலில் களிம்பு கொடுப்பார்கள். கேட்காவிட்டால் சிறு ஆபரேஷன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் "சுன்னத்" என்றால் தெரியாதவர் இல்லை. ஏறக்குறைய அதேதான்! கிருமியால் வந்த நோய்க்கு மாத்திரை, ஊசி உண்டு. டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடவேண்டும். பால்வினை நோயானால் மனைவிக்கும் சிகிச்சை தேவை. ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் நோய் திரும்பிவரும்.

பின்னே தள்ளிய தோல் முன்னே வராமல் வீங்கினாலும், விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கையைக் கழுவுங்கள்!

தோல் பதனிடும் தொழிலாளிக்கு இன்னொரு எச்சரிக்கை. சுண்ணாம்பு, அமிலம், குரோம் உப்பு எல்லாம் தோலைப் புண்ணாக்கக் கூடியவை. சிறுநீர் கழித்த பிறகு மட்டுமல்ல, கழிப்பதற்கு முன்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

அன்று பெண்கள், இன்று ஆண்கள்

வெட்கம் உயிரையே குடித்த கதை வேலூருக்குத் தெரியும். ஐடா ஸ்கடரின் தந்தை ஒரு டாக்டர். ஓர் இரவு மூன்று பேர் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். அதுவே இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அன்று பெண்களை வெட்கம் தடுத்தது. இன்று அதே மண்ணில் ஆண்களைத் தடுக்கிறது. வாசலில் ஆஸ்பத்திரி இருக்க, லாட்ஜில் தங்கிக் "ரகசிய நோய்"க்கு லேகியம் விற்பவரைத் தேடுகிறார்கள். ஆண்மையைப் பெருக்கும், பால்வினை நோயைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, லேகியமும் விற்கிறது! வாங்குகிறவனின் வெட்கம்தான் விற்பவனின் முதல்.

அதிகாரிகள் இந்த வியாபாரத்தை ஒடுக்கவேண்டும். ஷூ கம்பெனிகளும் தோல் தொழிற்சாலைகளும் மருத்துவ முகாம் நடத்தும்போது, ஆண்கள் டாக்டரிடம் தனியாகப் பேச ஓர் அறை ஒதுக்கவேண்டும். அதற்கு ஒரு திரையும் இரண்டு நாற்காலியும் போதும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தினமும் பார்க்கும் நோய். "உறவின்போது வலிக்கிறது, டாக்டர்" என்று சொன்னால் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

மனைவிமார்களே! கணவர் விலகினால் கோபிக்கும் முன், "ஏதாவது வலிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்வியே பாதி மருந்து!