டைகர் உட்ஸ் ஆடும்போது வாட்ச் எங்கே?

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2011-லிருந்து ரோலக்ஸ் விளம்பரத் தூதர். கோப்பையோட நிக்கும்போது வாட்ச் பளபளக்கும். மட்டையைச் சுழற்றும்போது பாருங்க, மணிக்கட்டு காலி!

அவர் காசு வாங்கிட்டுக் கட்டுறார். நீங்க ஏங்க கடன் வாங்கிக் கட்டுறீங்க?

காரைக்கால்ல எங்க ஓபிக்கு, இளைக்கிற குழந்தையைத் தூக்கிட்டு வர்ற அப்பா கையில 'ஃபர்ஸ்ட் காப்பி' ரோலக்ஸ். "எப்பலேருந்து மூச்சு வாங்குது?"ன்னு கேட்டா, "கவனிக்கல சார்."

நொடிமுள் ஓடுற முந்நூறு ரூபா வாட்ச் போதும். சளி, இருமல்னா, குழந்தை அழாதப்போ சட்டையைத் தூக்கி முழுசா 1 நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 2 மாசத்துக்குள்ள 60, 1 வயசுக்குள்ள 50, 5 வயசுக்குள்ள 40. தொட்டாலே உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சு உள்வாங்கினா எண்ணிட்டு நிக்காதீங்க, கிளம்புங்க.