கூலியில்லா உழைப்பு யாருக்கு உதவி?

அமெரிக்காவிலிருந்து வாலிபர் கூட்டமொன்று விமானம் ஏறி இன்னொரு தேசத்துக்குப் போகிறது. அங்கே ஓர் ஏழைக் கிராமத்தில் பழுதான தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் சுவருக்குப் பூச்சுப் பூசுகிறார்கள், வர்ணம் அடிக்கிறார்கள், கூரைக்குத் தகடு போடுகிறார்கள். கூலி வாங்குவதில்லை. எட்டு நாளோ பத்து நாளோ கழித்து, ஊர்க் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, கண் கலங்க விடைபெற்றுத் திரும்புகிறார்கள். இதற்கு ‘மிஷன் பயணம்’ என்று பெயர்.

நல்ல காரியம்தானே, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த வாலிபர்களின் மனசை நாம் குறை சொல்லவில்லை. விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல் சாந்துச் சட்டி தூக்க வருகிறவனைக் கேலி செய்வது உழைப்பாளிக்கு அழகல்ல. ஆனால் மனசு வேறு, கணக்கு வேறு. உழைப்பு என்று வந்துவிட்டால் கணக்குப் பார்த்தே தீர வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

2005-ல் மட்டும் அமெரிக்காவிலிருந்து 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போனதாக பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ கணித்தார். அவர்கள் தங்கியது சராசரி எட்டே நாள். இத்தகைய பயணங்களுக்கு ஆண்டொன்றுக்கு 240 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது என்று மதிப்பிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 1,500 டாலர்!

இத்தனை செலவில் நடந்த வேலை என்ன? 2008-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை சில உதாரணங்களை வெளியிட்டது. மெக்ஸிகோவில் ஒரு தேவாலயத்துக்கு ஒரே கோடைக்காலத்தில் ஆறு முறை வர்ணம் அடித்தார்கள். ஆறு முறையும் ஆறு வேறு வேறு கோஷ்டிகள்! ஈக்வடாரில் புதிதாகவே ஒரு தேவாலயம் கட்டினார்கள். அது தேவையில்லை என்று ஊரார் சொல்லிவிட்டதால் கட்டடம் உபயோகப்படவே இல்லை.

ஆறு முறை வர்ணம் கேட்டது அந்தச் சுவரா? இல்லை. வந்து இறங்கியவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டியிருந்தது. சுவருக்காகத் தூரிகை வரவில்லை. தூரிகைக்காகச் சுவர் காத்து நின்றது. கொடுக்கிறவனின் திருப்திக்காக வாங்குகிறவன் கைநீட்டி நிற்க வேண்டிய இந்த ஏற்பாட்டை உதவி என்று எப்படிச் சொல்வது?

ஹோண்டுராஸ் தரும் பாடம்

மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய தேசம் ஹோண்டுராஸ். வாழைத் தோட்டத் தொழிலாளர்களின் தேசம். 1954-ல் அங்கே யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தோட்டங்களில் பல்லாயிரம் தொழிலாளர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் வைக்கும் உரிமையை வென்றார்கள்.

அந்தத் தேசத்தை 1998 அக்டோபர் இறுதியில் ‘மிட்ச்’ என்ற புயல் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். வீடுகள் மண்ணோடு போயின. வாழைத் தோட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. தோட்டக் கூலிகள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சபைக் கோஷ்டிகள் வீடு கட்டித் தர வந்தன.

குர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் இதை ஆராய்ந்தார். அவர் மதத்துக்கு எதிரியல்ல. அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர். வீடு கட்டப் போனவர்களையும் கேட்டார், வீடு பெற்ற குடும்பங்களையும் கேட்டார். அவர் கண்டது இது: வெளிநாட்டுக் கோஷ்டிகள் கட்டிய வீடு ஒன்றுக்கு, விமானக் கட்டணம் உள்பட, சராசரி 30,000 டாலர் செலவாயிற்று. உள்ளூர்க் கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் 2,000 டாலரில் ஒரு வீடு கட்டின. ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடு கட்டியிருக்கலாம்! வெளியார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும், உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. போய்வந்தவர்களின் வாழ்க்கையிலும் நீடித்த மாறுதல் அதிகம் இல்லை.

ஹோண்டுராஸில் கொத்தனார் இல்லையா? தச்சர் இல்லையா? கைகள் அங்கே ஏராளம். இல்லாதது கூலி. அந்த 30,000 டாலரும் கூலியாகவும் சிமெண்டாகவும் இறங்கியிருந்தால், வேலையிழந்தவன் தன் கையாலேயே தன் ஊரை எழுப்பியிருப்பான். பிள்ளைகளுக்குச் சோறும் போட்டிருப்பான். ஒருவன் இனாமாகச் செய்யும் வேலை, பக்கத்தில் பசியோடு நிற்பவனின் கூலியை அடிக்கும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியானால் போகவே கூடாதா?

பணத்தை மட்டும் அனுப்பினால் மனிதரும் மனிதரும் பழகுவது எப்போது? இது நியாயமான கேள்வி. பதிலுக்கு ஜெர்மனியைப் பார்ப்போம்.

லோதர் க்ரைஸிக் என்று ஒரு ஜெர்மன் நீதிபதி இருந்தார். 1940-ல் மனநோயாளிகளை நாஜிகள் கொன்று குவித்ததை எதிர்த்து நின்று பதவியை இழந்தவர். யுத்தம் முடிந்த பின், 1958-ல், பெர்லினில் கூடிய ஜெர்மன் சுவிசேஷ சபையின் மாநாட்டில் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நம்மால் கொடுமைக்கு ஆளான ஜனங்களிடம் போவோம். அவர்கள் நாட்டில் நம் கையால் ஒரு நன்மை செய்ய அனுமதி தாருங்கள் என்று கேட்போம். இதுவே அதன் சாரம். பரிகாரத்தைப் பெயரிலேயே தாங்கிய ஓர் இயக்கம் இதிலிருந்து பிறந்தது.

ஜெர்மன் வாலிபர்கள் நார்வேக்குப் போனார்கள். அந்நாட்டின் வடகோடியில் ஃபின்மார்க் பிரதேசத்தை 1944-ல் நாஜிப் படை பின்வாங்கும்போது கொளுத்திச் சாம்பலாக்கியிருந்தது. அங்கே கோக்கெல்வ் என்ற சிற்றூரில் 1960-ல் அவர்கள் கையால் ஒரு தேவாலயம் எழுந்தது. 1961-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகருக்குப் போனார்கள். அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்து 500 பேருக்கு மேல் மாண்ட ஊர். அங்கே இடிந்து கிடந்த பேராலயத்தின் ஒரு பகுதியைச் செப்பனிட்டு, பல நாட்டாரும் கூடும் நிலையமாக ஆக்கினார்கள்.

1965-ல் அதே இங்கிலாந்தின் வாலிபர்கள், அன்றைய கிழக்கு ஜெர்மனியில் இருந்த டிரெஸ்டன் நகருக்குப் போய், குண்டு வீச்சில் இடிந்த ஓர் ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்ட உழைத்தார்கள். 1945 பிப்ரவரியில் சுமார் 25,000 பேர் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுக்குப் பலியான நகரம் அது.

வித்தியாசம் எங்கே? இங்கிலாந்தில் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. ஜெர்மன் வாலிபன் கொண்டுபோனது வெறும் கையுழைப்பு அல்ல. ‘இந்தச் சுவரை இடித்தது எங்கள் நாடு’ என்ற ஒப்புதல் அது. விமானக் கட்டணத்துக்குப் பதிலாகப் பணமாக அனுப்ப முடியாத சரக்கு! அவன் தர்மப் பிரபுவாகப் போகவில்லை, கடன்காரனாகப் போனான். உத்தரவிடவில்லை, அனுமதி கேட்டான்.

எட்டு நாள் பயணத்தில் இல்லாதது இதுதான். சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன், சுவர் ஏன் பழுதாயிற்று என்று கேட்பதில்லை. வாழைப்பழம் தன் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வெட்டியவனுக்கு என்ன கூலி என்று கேட்பதில்லை. கேட்டால், அவன் திரும்பிப் போய்ச் செய்ய வேண்டிய வேலை அவன் ஊரிலேயே நிறைய இருக்கும்.

ஆகவே, கடல் கடந்து கோயில் கட்டவோ பள்ளிக்கூடம் கட்டவோ புறப்படுகிறவர்களை, அவர்கள் எந்த மதமானாலும் எந்தக் கட்சியானாலும், நாம் மூன்று கேள்வி கேட்போம். உங்களை வரச் சொன்னது அந்த ஊராரா? உங்கள் உழைப்பால் அங்கே யாருடைய கூலியாவது போகிறதா? நீங்கள் தீர்க்கப் போவது தர்மமா, கடனா?

மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் போய் வாருங்கள். உழைப்பாளியின் வாழ்த்து உங்களுக்கு உண்டு. இல்லையென்றால் பயணச் சீட்டின் பணத்தை அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கூலியாக அனுப்புங்கள். கோயிலும் எழும்பும், அவன் வீட்டு அடுப்பும் எரியும்!