கிறிஸ்துமஸ் துணிக்கு வட்டி எதற்கு?

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் தையற்கடையில் கிறிஸ்துமஸ் துணி வந்து குவியத் தொடங்கிவிடும். கடை திருவொற்றியூர் தேரடிப் பக்கம். எர்ணாவூர், கத்திவாக்கம், ராயபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வாடிக்கை. நான் கிறிஸ்தவப் பெண் அல்ல. பௌர்ணமி தவறாமல் வடிவுடையம்மன் கோவிலுக்குப் போகிறவள். ஆனால் வருஷத்தில் எங்கள் வீட்டுக்குப் பெரிய வரும்படி டிசம்பர் மாதத் தையற்கூலிதான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் வெறும் வியாபாரமாகிவிட்டது என்ற பேச்சு ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. பக்தி உள்ளவர்கள், ஏசுவை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார்கள் என்று வருந்துகிறார்கள். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள், எல்லாம் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட ஆசை என்கிறார்கள். இரண்டு பேரும் குறை சொல்வது வாங்குகிற ஜனங்களைத்தான். அவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று என் கடையில் வந்து உட்கார்ந்து பார்த்தால் இப்படிப் பேச மாட்டார்கள்.

மீன் கூடை சுமக்கிற ஒரு அம்மா மகளுக்கு ஃப்ராக் தைக்கக் கொடுத்தால், அளவு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "யக்கா, உள்ள துணி நல்லா விட்டுத் தை. வர்ற வருசமும் போடணும்." பக்கத்துக்கு ஒரு இன்ச், கீழ் மடிப்பில் மூன்று இன்ச் விடுவேன். இடுப்பில் ஒரு டக் பிடிப்பேன். அடுத்த டிசம்பரில் அதே ஃப்ராக் திரும்பி வரும். டக்கைப் பிரித்து, மடிப்பை இறக்கி, பழைய மடிப்புக் கோடு வெளியே தெரியாதபடி அதன்மேல் ஒரு லேஸ் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். பிள்ளை புதுத்துணி போட்ட சந்தோஷத்தோடு நள்ளிரவுப் பூசைக்குப் போகும். அதற்குப் பிறகு அது தங்கைக்கு. இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆன்லைனில் வருகிற ஃப்ராக்கைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தை ஒட்டி ஓவர்லாக் அடித்திருக்கும், பெரிதாக்க நூலளவு இடம் இருக்காது. "கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடு" என்று கொண்டு வருகிறார்கள். ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வியாபாரமும் சாமியும் இந்தக் கரையில் என்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பலில் வந்த சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரை சேர்த்த படகுக்காரர்கள், தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்துக் கட்டியதுதான் ராயபுரம் புனித ராயப்பர் கோவில். அந்தக் காசும் கடைத்தெருவுக்குப் போன சரக்கிலிருந்து வந்த காசுதான். பாரிமுனைக்குப் போய் ஸ்டார் வாங்குவதும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுப்பதும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தட்டில் கேக் அனுப்புவதும் எங்கள் ஊர் கிறிஸ்துமஸில் சேர்ந்தவை. அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கும் வரும். பொங்கலுக்கு நாங்கள் திருப்பி அனுப்புவோம்.

என் கோபம் வேறு இடத்தில். சில வருஷமாக "ஃபேமிலி காம்போ" வந்திருக்கிறது. அம்மா புடவை, மகள் கவுன், அப்பா சட்டை, பையன் சட்டை, நாலும் ஒரே துணியில். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டும். அடுத்து செட் புடவை. அன்பியத்தில், அதாவது கோவிலின் அக்கம்பக்கத்து ஜபக் குழுவில், இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் கட்ட வேண்டும் என்று யாரோ நாலு பேர் முடிவு செய்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். எனக்கு வேண்டாம் என்று சொன்னால் ஜபத்தில்கூட ஓரமாக உட்கார வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறாள். பணம் புரட்டிக் கொடுத்துவிடுகிறாள். இந்த வேலையில் எனக்குக் கூலி கூடுதலாகக் கிடைக்கிறது. கிடைத்தும் சொல்கிறேன், இது நல்லதற்கில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் சீட்டு கட்டுவார்கள். மாதாமாதம் கொஞ்சம் கட்டி டிசம்பரில் எடுப்பது. சீட்டுப் பிடித்தவர் காசோடு ஓடிப்போன கதையும் எங்கள் பக்கம் உண்டு. இருந்தாலும் அது பண்டிகைக்கு முன்பே சேர்த்த சொந்தக் காசு. இன்றைக்குக் குழுக் கடன், வாரக் கடன், அதுவும் கிடைக்காதவர்களுக்குப் பத்து வட்டி. பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம் வட்டி. ஏப்ரல் வருவதற்குள் நாலாயிரம் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். தடை முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. ஆனாலும் வசூலுக்கு வண்டி வருவது நிற்கவில்லை.

எளிமையாகக் கொண்டாடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் போப் பிரான்சிஸும் சொன்னார்: செலவைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தை உக்ரைன் மக்களுக்கு அனுப்பச் சொன்னார். மிச்சம் பிடிக்க வழி உள்ளவர்களுக்கு அது சரியான வார்த்தை. எங்கள் பக்கம் அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது? மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. நேரடியாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் அறிவித்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த மாதம், தைத்து வைத்த துணியை வாங்க வராதவர்கள் இருந்தார்கள். ஆள் அனுப்பி, "காசு அப்புறம் குடு, துணிய எடுத்துட்டுப் போ" என்றேன். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், சிலர் ஜூலையில். அவர்கள் வீட்டில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் எளிமையாகத்தான் நடந்தது. அதை யாரும் புகழ வேண்டாம். அவர்கள் விரும்பி ஏற்ற எளிமை இல்லை அது.

எனவே ஃபாதர்மாரையும் பாஸ்டர்மாரையும் கேட்கிறேன். வாங்காதீர்கள் என்று பொதுவாகப் பிரசங்கம் செய்து, வருஷத்தில் ஒரே ஒரு ஃப்ராக் எடுக்கிற அம்மாவைத் தலைகுனிய வைக்காதீர்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்றைக்கே, செட் புடவை கட்டாயமில்லை, பண்டிகைக்காக யாரும் வட்டிக்கு வாங்கக் கூடாது என்று பீடத்திலிருந்து அறிவியுங்கள். ஜனவரியில் கோவிலே பொறுப்பேற்று ஒரு சீட்டு தொடங்கட்டும். மகமை சேர்த்துக் கோவில் கட்டிய ஊருக்கு இது புது வேலை இல்லை. நம்பிக்கை இல்லாத தோழர்கள் கம்பெனிகளைத் திட்டுகிற நேரத்தில், தெருமுனையில் நிற்கிற பத்து வட்டிக்காரரைப் பற்றியும் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுக்கட்டும்.

என்னிடம் துணி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தையற்கூலியை இரண்டு தவணையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வட்டிக்கு வாங்கி வந்து கொடுக்காதீர்கள்.