கெமிக்கல் இல்லையென்றால் நல்லதா?

"ஐயா, இவன் வெந்நீர் போட்டே ஒரு சிலிண்டரைத் தீர்த்துட்டான்!"

உள்ளே நுழைந்ததும் அந்தத் தாய் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம். பின்னாலேயே மகன். வயது இருபத்து நாலு, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. லீவில் ஊருக்கு வந்தவனுக்கு விடிந்தால் குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி. வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கொஞ்சம் அடங்குகிறதாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு குளியல்! (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்று மாதத்தில் இது மூன்றாவது முறை. ஸ்கேன் எடுத்தாயிற்று, வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை. "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதும் ஆயிற்று.

வாந்தியும் வெந்நீரும் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாயாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, கஞ்சாப் பழக்கம் இருக்கா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்ல, "கஞ்சாவெல்லாம் இல்ல டாக்டர். ரோஸின்னு ஒண்ணு. அதுல கெமிக்கலே கிடையாது. ஐஸ் தண்ணியில அலசி, சூட்டுல அழுத்தி எடுக்கிறது. நீங்ககூட எங்கம்மாகிட்ட சொல்வீங்களே... செக்கு எண்ணெய் மாதிரி!" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து வந்த நாளிலிருந்து 'கெமிக்கல் இல்லாததைச் சாப்பிடுங்கள்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தவன் நான். அந்த வார்த்தையை இந்தப் பிள்ளை என் மேஜை மீதே திருப்பி வைத்துவிட்டான்.

ஆகவே இந்த வாரம் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 'நம்ம வீட்டுக்கு எதுக்கு இந்தச் சமாசாரம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2024 மார்ச் மாதம் நம் மாவட்டத்து மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் சுங்கத்துறையினர் கிட்டத்தட்ட 100 கிலோ ஹஷீஷையும் நூற்றுக்கணக்கான கிலோ கஞ்சாவையும் பிடித்தார்கள். எங்கோ வடக்கே நடக்கும் கதை அல்ல இது.

செக்கும் கரைப்பானும்

கஞ்சாச் செடியின் பெண் பூக்களில் பொடிப் பொடியாகப் பிசின் முத்துக்கள் இருக்கும். போதை தரும் டி.ஹெச்.சி. என்ற சத்து பெரும்பாலும் அதில்தான். இலை, தண்டு, சக்கையெல்லாம் போக அந்தப் பிசினை மட்டும் பிரித்துச் சேர்த்தால் அதுதான் வடித்த சரக்கு.

பிரிப்பதில் இரண்டு ஜாதி. கடலை எண்ணெயை வைத்துச் சொன்னால் நம்மூர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். செக்கில் ஆட்டி அழுத்திப் பிழிவது ஒரு வழி. பிண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை ஹெக்ஸேன் என்ற திரவத்தில் கரைத்தெடுத்து, பிறகு அந்தத் திரவத்தை ஆவியாக்கி விரட்டுவது இன்னொரு வழி. அந்தத் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர்.

இங்கும் அப்படியே. இமயமலைப் பக்கம் மலானா போன்ற கிராமங்களில் பூவைக் கையால் தேய்த்து எடுக்கும் சரஸ், மொராக்கோவில் சலித்து எடுக்கும் ஹஷீஷ், இந்தப் பையன் சொன்ன ரோஸின்... இவை கரைப்பான் இல்லாதவை. பியூட்டேன் வாயு, சாராயச் சத்து, திரவமாக்கிய கரியமில வாயு இவற்றைக் கொண்டு எடுப்பவை கரைப்பான் சரக்குகள்.

இரண்டில் எது மோசம்? நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கரைப்பான் சரியாக வெளியேறாவிட்டால் சரக்கிலேயே தங்கி நுரையீரலுக்குள் போகும். பியூட்டேன் தீப்பற்றும் வாயு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2012-ல் கஞ்சாவை அனுமதித்த பிறகு, வீட்டிலேயே இதைச் செய்யப்போய் வெடித்துக் கருகியவர்கள் பலர். அந்த வகையில் கரைப்பான் இல்லாத சரக்குக்கு இரண்டு ஆபத்து குறைவு. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால், அந்த இரண்டு மட்டும்தான் குறைவு!

கேட்க மறந்த கேள்வி

'உள்ளே என்ன கலந்தார்கள்?' என்று கேட்கிறோமே தவிர, 'எவ்வளவு திரட்டினார்கள்?' என்று கேட்பதில்லை. பூவாக இருக்கும் கஞ்சாவில் டி.ஹெச்.சி. 100-க்கு 5, 10 இருக்கும். இப்போதைய வீரிய ரகங்களில் 20 வரை போகும். வடித்த சரக்கிலோ 60, 80, சிலவற்றில் அதற்கும் மேல். ஐஸில் அலசினாலும் சரி, பியூட்டேனில் கரைத்தாலும் சரி, கடைசியில் கைக்கு வருவது இதுதான். செடியில் பூச்சிமருந்து அடித்திருந்தால் அதுவும் பிசினோடு ஒட்டிக்கொண்டு கூடவே திரண்டு வரும். ஐஸ் தண்ணீர் அதைப் போக்கும் என்று நம்பாதீர்கள்.

அந்தப் பையனின் வெந்நீர் வியாதி இந்த வீரியத்தின் விளைவு. நாள்பட்டு அதிகமாகக் கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் இந்த ஓயாத வாந்தியை, வெந்நீர்க் குளியல் என்ற அடையாளத்தோடு 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் விவரித்தார்கள். பழக்கத்தை விட்டால் நிற்கும்; விடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

வாந்தியாவது வெளியே தெரிகிறது. மனசுக்குள் நடப்பது? 2019-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்திய ஆய்வில், 100-க்கு 10-க்கு மேல் டி.ஹெச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று தெரிந்தது. 10-க்கே இப்படி என்றால் 70-க்கு?

இன்னொன்று. அதே 2019-ல் அமெரிக்காவில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் கணக்கில் வந்தவர்கள் 2,807 பேர்; இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் டி.ஹெச்.சி. எண்ணெயைப் புகைக்கருவியில் இழுத்தவர்கள். முக்கியக் காரணமாகத் தெரிய வந்தது எது தெரியுமா? எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்! முகத்துக்குப் பூசும் கிரீமில் உள்ள சாதுவான பொருள்தான். தோலுக்கு ஆகிறது நுரையீரலுக்கு ஆகவில்லை.

கரைப்பான் எமனும் அல்ல

இதைப் படித்துவிட்டுக் கரைப்பான் என்றாலே விஷம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1839-லேயே கல்கத்தா மெடிக்கல் காலேஜில் ஓஷாக்னெஸ்ஸி என்ற டாக்டர் கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் இறக்கி, ஜன்னிக்கும் வலிப்புக்கும் கொடுத்துப் பார்த்தார். மருந்து சீமை வரை போயிற்று. ஆனால் ஒரு சீசாவில் இருந்த வீரியம் அடுத்த சீசாவில் இல்லை. 1932-ல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த நிலையில்லாத வீரியமும் அதற்கு ஒரு காரணம்.

அதே செடியிலிருந்து, திரவக் கரியமில வாயுவைக் கரைப்பானாகக் கொண்டு எடுத்த 'நபிக்ஸிமால்ஸ்' என்ற மருந்துக்கு 2010-ல் பிரிட்டன் அனுமதி தந்தது. நரம்பு நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு வாயில் தெளிக்கும் மருந்து. ஒரு தெளிப்பில் எவ்வளவு என்பது அளந்து வைத்தது. ஆக, கரைப்பானில் எடுத்தும் மருந்தாகலாம், கரைப்பான் இல்லாமல் எடுத்தும் நஞ்சாகலாம். அளவு தெரிந்ததா, கொடுப்பவர் யார், யாருக்கு, எதற்கு... இதுதான் கணக்கு.

சித்தர் பெயரைச் சொல்லாதீர்கள்

"சித்தர்களே சிவமூலின்னு சொல்லியிருக்காங்களே டாக்டர்?" என்று பையன் விடாமல் கேட்டான். உண்மைதான். சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்கள் எங்கள் மருத்துவத்தில் உண்டு. ஆனால் அது நஞ்சுச் சரக்குகளின் வரிசையில் இருக்கிறது. இன்றைய மருந்துச் சட்டத்தின் ஈ-1 பட்டியலிலும் எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், ஊமத்தை இவற்றோடுதான் கஞ்சாவும் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவும்' என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும்.

நேர்வாளத்தின் முளையை நீக்காமல் எந்த வைத்தியராவது கொடுப்பாரா? அதுபோலக் கஞ்சாவையும் சுத்தி செய்து, பத்துப் பதினைந்து சரக்குகளில் ஒன்றாகச் சேர்த்து, அனுபானம் பார்த்து, சுண்டைக்காய் அளவு என்றால் சுண்டைக்காய் அளவே கொடுத்தார்கள். வீரியத்தை அடக்குவது சித்தர் வழி. வீரியத்தைத் திரட்டிக் கூட்டுவது இந்த ரோஸின் வழி. இரண்டும் எதிரெதிர்த் திசை.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில், பிரித்தெடுத்த பிசின் எந்த வடிவில் இருந்தாலும், ஹஷீஷ் எண்ணெய் உட்பட, சரஸ்தான். கரைப்பான் உண்டா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. கஞ்சாவுக்கு 'சிறு அளவு' 1 கிலோ. சரஸுக்கு 100 கிராம். 'வணிக அளவு' கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ. அதற்கு மேல் போனால் 10 முதல் 20 வருடம் கடுங்காவல். 'ஹெர்பல் எண்ணெய்' என்று பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

பெற்றோருக்கு...

காரணமில்லாத வாந்தி, அடிக்கடி வெந்நீர், ஆள் ஒதுங்கிப் போவது, பேனா மாதிரி ஒரு புகைக்கருவி... கண்ணில் பட்டால் கூச்சல் போடாதீர்கள், அடிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். இலவசத் தொலைபேசி 14446 போதை மீட்புக்கு, 14416 மனநல ஆலோசனைக்கு. போலீஸுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சிறு அளவோடு சம்பந்தப்பட்ட வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற அதே சட்டத்தின் 64-ஏ பிரிவில் வழி இருக்கிறது.

அந்தப் பையனுக்கு நாக்கு வறண்டு, கண் குழிந்திருந்தது. லேகியம் கொடுத்து வைத்துக்கொள்ளும் நேரமா அது? அன்றைக்கே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி டிரிப் ஏற்றச் சொன்னேன். மனநல டாக்டரையும் பார்க்க வைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் தாயாரிடமிருந்து போன். "இப்ப பச்சைத் தண்ணியிலதாங்கய்யா குளிக்கிறான்!"

நானும் ஒன்றைத் திருத்திக்கொண்டேன். 'கெமிக்கல் இல்லாததைச் சாப்பிடுங்கள்' என்பதோடு இப்போது நிறுத்துவதில்லை. "எவ்வளவு, யார் சொல்லி, எதுக்காக... இந்த மூணையும் கேட்டுட்டுச் சாப்பிடுங்கம்மா" என்கிறேன். நான் கொடுக்கும் சூரணமாக இருந்தாலும் கேளுங்கள். பதில் சொல்வது என் கடமை.