கடவுச்சொல் யாருடைய கையில்?

கடந்த மாதம் வன்னியில் ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும்போது ஒரு தாய் என்னை மறித்தார். கையில் புதிய கைத்தொலைபேசி. பழையது கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம்.

"மிஸ், என்ர படங்கள் எல்லாம் மேல ஏறிக் கிடக்கும் எண்டு கடைப்பொடியன் சொன்னவன். அதை இதுக்குள்ள இறக்கித் தாங்கோ."

மின்னஞ்சல் முகவரியைக் கேட்டேன். தெரியாது. கடவுச்சொல்லும் தெரியாது. "அவன்தான் எல்லாம் அடிச்சுத் தந்தவன்." அந்தக் கடை இப்போது இல்லை. கணக்குத் திறக்கும்போது கொடுத்த சிம் இலக்கமும் பாவிக்காமல் விட்டதால் ரத்தாகிவிட்டது. கணக்கை மீட்பதற்கான குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் வரும்.

2009இல் இடம்பெயர்ந்தபோது அவருடைய அல்பம் வீட்டோடு போய்விட்டது. கல்யாணப் படத்தைக் கனடாவிலுள்ள தங்கையிடம் மீண்டும் கேட்கலாம். பிள்ளைகள் வளர்ந்த ஏழு வருடப் படங்களுக்கும், இறந்துபோன தாயார் பேசிய வீடியோவுக்கும் வேறு பிரதி இல்லை.

இந்த ஏற்பாட்டை 'மேகம்' என்கிறார்கள். உண்மையில் வானத்தில் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு நாட்டில் நிறுவனமொன்றின் கட்டடத்திலுள்ள கணினிகளில் எமது படங்களின் பிரதி இருக்கிறது. இடம் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையதே. அச்சட்டம் அடிக்கடி மாறுகிறது. கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, தரத்தைச் சற்றுக் குறைத்துச் சேமித்தால் எத்தனை படமும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏறும் படங்களோ 15 ஜிபி என்ற இலவச எல்லைக்குள் கணக்கிடப்படுகின்றன. மின்னஞ்சலுக்கும் ஆவணங்களுக்கும் அதே 15 ஜிபிதான். அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருக்கும் எமது பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு வருடம் எவரும் பாவிக்காத கணக்கை அழிக்கலாம் என்றும் 2023இல் அறிவித்தார்கள். அந்தத் தாயின் படங்கள் இன்னும் அழியவில்லை. ஆனால் அவருக்கு இரண்டு வருடக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

கணவர் திறந்து கொடுத்த கணக்கு வேறு விதமான தொல்லை. அடி தாங்காமல் பிரிந்து வந்த ஒரு சகோதரி, பிள்ளையைப் புதிய பாடசாலை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். இருவருடைய தொலைபேசியிலும் ஒரே கணக்கு இருந்ததால் படம் அவருடைய தொலைபேசியிலும் தெரிந்தது. மறுவாரம் அவர் பாடசாலை வாசலில் நின்றார். சட்ட உதவி கேட்டு வரும் பெண்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, "தொலைபேசியில் யாருடைய கணக்கு?" என்பதுதான்.

அடுத்த கூட்டத்தில் வேறு நிகழ்ச்சி வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமது முகவரியைத் தேடிப் பார்த்தோம். பதினொரு பேருக்குப் புதிய கடவுச்சொல். பழைய இலக்கங்களை நீக்கி, இப்போது பாவிக்கும் இலக்கத்தைச் சேர்த்தோம். முக்கியமான படங்களை ஸ்ரூடியோவில் கழுவி எடுக்கவும் சொன்னேன். கடவுச்சொல்லை எழுதி எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார்.

"நகை வைக்கிற பெட்டிக்குள்ள வையுங்கோ. நகைதான் அடகில கிடக்கே, இடம் இருக்கும்" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தத் தாயும் வந்திருந்தார். புதிய கணக்குக்குக் கடவுச்சொல்லைத் தானே யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். நான் பார்க்கக்கூடாது என்பதற்காகத் திரும்பி நின்றுகொண்டேன்.